பிஎஸ்5-க்கு 2024 ஏமாற்றமான வருடமா, இல்லை நமக்குத்தான் பேராசையா?

இடது அனலாக்:
டிசம்பர் வந்துவிட்டது, 2024 முடியப் போகிறது, மனதில் இருப்பதை இந்த மன்றத்தில் கொட்டிவிடுகிறேன். பிஎஸ்5-க்கு, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோலுக்கு, 2024 ஒரு மொக்கை வருடம். விளையாட எதுவுமே இல்லை என்று சொல்லவில்லை, அதை இப்போதே தெளிவாக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் முதல் ஆளே நாற்பது கேம் பட்டியலோடு வந்து நிற்பார். நான் கேட்பது வேறு. கன்சோலைச் செய்து விற்கிற சோனி, தன் கையில் இருக்கும் தொடர்களையும் ஸ்டூடியோக்களையும் வைத்துக்கொண்டு இந்த வருடம் நமக்கு என்ன கொடுத்தது?

ஜனவரியில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2 ரீமாஸ்டர், அதாவது பழைய கேமுக்கு மெருகேற்றிய பதிப்பு. 2020-இல் வந்த கேம், பிஎஸ்5-இல் ஏற்கெனவே நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அக்டோபர் தொடக்கத்தில் அன்டில் டான் ரீமேக், அதே மாதக் கடைசியில் ஹொரைசன் ஸீரோ டான் ரீமாஸ்டர். அது 2017 கேம். 'ஐயோ பழசாகிவிட்டதே, யாராவது புதுப்பித்துக் கொடுக்க மாட்டார்களா' என்று ஏங்கிய ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். நவம்பரில் லெகோ ஹொரைசன், அது போட்டியாளர் நின்டென்டோவின் ஸ்விட்ச்சுக்கும் வந்துவிட்டது. நடுவில் ஆகஸ்டில் கான்கார்ட் என்ற ஆன்லைன் சுடும் கேம், அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம், ரத்தக் கொதிப்பு ஏறும். மிச்சம் ஆஸ்ட்ரோ பாட். ஒன்றே ஒன்று.

பிப்ரவரியிலேயே சோனி சொல்லிவிட்டது, 2025 மார்ச் வரை காட் ஆஃப் வார், ஸ்பைடர்மேன் மாதிரியான பெரிய தொடர்களில் புதிதாக எதுவும் வராது என்று. முன்கூட்டியே சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா? இன்றைக்குச் சமையல் இல்லை என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டால் பசி போய்விடுமா?

பிளாட்டினம் பைத்தியம்:
பட்டியலோடு வரும் முதல் ஆள் நான்தான். நாற்பதெல்லாம் வேண்டாம், ஆறு போதும். இந்த மாதம் தி கேம் அவார்ட்ஸில் வருடத்தின் சிறந்த கேம் விருதுக்கு நின்றவை ஆஸ்ட்ரோ பாட், பலாட்ரோ, பிளாக் மித் வுகாங், எல்டன் ரிங்கின் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ, ஃபைனல் ஃபேண்டஸி 7 ரீபர்த், மெட்டஃபர் ரீஃபான்டாசியோ. ஆறையும் பிஎஸ்5-இல் விளையாடலாம். அதில் ஆஸ்ட்ரோ பாட், வுகாங், ரீபர்த் மூன்றையும் இந்த 2024 டிசம்பர் நிலவரப்படி வேறு எந்தக் கன்சோலிலும் விளையாட முடியாது. விருதை வாங்கியது ஆஸ்ட்ரோ பாட். இதற்குப் பெயர் மொக்கை வருடம் என்றால் எனக்கு எல்லா வருடமும் மொக்கையாகவே இருக்கட்டும்.

அப்புறம் நாலு பேர் சேர்ந்து ஆன்லைனில் ஆடும் ஹெல்டைவர்ஸ் 2-ஐ ஏன் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டீர்கள்? வெளியிட்டது சோனி, அந்தத் தொடரே சோனியுடையதுதான், 12 வாரத்தில் 1 கோடியே 20 லட்சம் பிரதி போனது. உங்கள் வாதத்துக்கு இடைஞ்சலாக இருந்தது என்பதற்காக ஒரு கேமை ஒளித்துவைக்கக் கூடாது நண்பரே.

இடது அனலாக்:
சரி, ஹெல்டைவர்ஸை விட்டது என் தப்பு. ஆனால் அதைச் செய்தது சுவீடனில் இருக்கும் ஆரோஹெட், அது சோனியின் ஸ்டூடியோ இல்லை. கேம் அதே நாளில் கணினியிலும் வந்தது. அதற்காக யாரும் பிஎஸ்5 வாங்கியிருக்க வேண்டியதில்லை. கன்சோலின் வருடம் எப்படி என்றுதானே பேசுகிறோம்.

சேவ் பாயிண்ட்:
நான் பெரிய விமர்சகன் இல்லை, வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம் கிடைத்தால் அதிகம். இந்த வருடம் அந்த நேரத்தில் பாதி ஹெல்டைவர்ஸ் 2-க்குப் போனது. கல்லூரி நண்பர்கள் மூன்று பேர், ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம், பத்து வருடமாகப் பிறந்தநாள் வாழ்த்தோடு சரி. பிப்ரவரியிலிருந்து சனிக்கிழமை இரவு நாலு பேரும் ஒரே கிரகத்தில். குண்டு வேண்டும் என்றால் திசைப் பொத்தானில் மேலே, வலது, கீழே, கீழே, கீழே என்று வரிசையாக அழுத்த வேண்டும், பின்னால் பூச்சி துரத்திக்கொண்டு வரும்போது விரல் நடுங்கும், ஒன்று தப்பினால் முதலிலிருந்து. ஒருவன் பதற்றத்தில் 500 கிலோ குண்டை எங்கள் காலடியிலேயே போட்டுவிட்டு 'ஸாரி, ஸாரி' என்று கத்துவான், அடுத்த நொடி நாலு பேரும் காலி. நான் சிரித்த சிரிப்பில் மனைவி எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

ஆரம்ப வாரங்களில் சர்வர் தாங்காமல் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது உண்மைதான். மே மாதம் கணினியில் ஆடுபவர்கள் கட்டாயமாக சோனியின் ஆன்லைன் கணக்கான பிஎஸ்என் கணக்கை இணைக்க வேண்டும் என்று சொல்லி, எதிர்ப்பு வெடித்து, சோனி பின்வாங்கிய கூத்தும் நடந்தது. ஆனால் வருடம் ஏமாற்றமா என்று என்னைக் கேட்டால் எனக்கு அந்தச் சனிக்கிழமைகள்தான் ஞாபகம் வருகின்றன. யார் செய்தார்கள், யாருடைய ஸ்டூடியோ என்பதெல்லாம் பங்குதாரர் கேட்க வேண்டிய கேள்வி.

கடைசி உயிர்:
தம்பிகளா, நான் பிஎஸ்1 காலத்து ஆள், கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் நல்லதா மோசமா என்பதற்கு என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது. கன்சோலின் வயதைப் பார்க்க வேண்டும். முதல் வருடம் எதுவும் இருக்காது, அது எப்போதும் அப்படித்தான். 2014-இல் பிஎஸ்4-க்கு என்ன பெரிதாக இருந்தது? இன்ஃபேமஸ் செகண்ட் சன், லாஸ்ட் ஆஃப் அஸ் ரீமாஸ்டர், டிரைவ்கிளப், லிட்டில்பிக்பிளானெட் 3. யாரும் பெரிதாகக் கோபப்படவில்லை, குழந்தை இப்போதுதான் நடக்கிறது என்று விட்டுவிட்டோம். நான்காவது முழு வருடம்தான் கன்சோலின் வாலிபம். கருவியின் சூட்சுமம் எல்லா ஸ்டூடியோவுக்கும் பிடிபட்டிருக்கும், வாங்கியவர்கள் எண்ணிக்கையும் பெருகியிருக்கும்.

பிஎஸ்4-க்கு அந்த வருடம் 2017. ஹொரைசன் ஸீரோ டான் (ஆமாம், இப்போது ரீமாஸ்டர் செய்கிறார்களே, அதேதான், அன்றைக்கு அது புத்தம் புதுத் தொடர்), அன்சார்ட்டட் லாஸ்ட் லெகஸி, கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட், வெளியிலிருந்து நியோ, பெர்சோனா 5, நியர் ஆட்டோமேட்டா. பிஎஸ்3-க்கு 2010. காட் ஆஃப் வார் 3, ஹெவி ரெயின், கிரான் டூரிஸ்மோ 5. பிஎஸ்2-க்கு 2004. அதைச் சொன்னால் இப்போது நம்ப மாட்டீர்கள், அந்த ஒரு நவம்பர் மாதத்தில் மட்டும் ராட்செட் அண்ட் க்ளாங்க் மூன்றாம் பாகம், ஜாக் 3, மெட்டல் கியர் சாலிட் 3, கில்ஸோன். ஒரே மாதம்! எதை முதலில் வாங்குவது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றோம்.

பிஎஸ்5-க்கு நான்காவது முழு வருடம் இந்த 2024. இந்தத் தராசில் வைத்தால் இடது அனலாக் சொல்வது சரி.

பிளாட்டினம் பைத்தியம்:
அண்ணே, 2004 தராசை வைத்து 2024-ஐ நிறுத்தால் எதுவும் நிற்காது. இன்சாம்னியாக் ஸ்டூடியோ 2002, 2003, 2004 என்று வருடத்துக்கு ஒரு ராட்செட் போட்டார்கள். இப்போது செய்ய முடியுமா? 2023-இல் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷனை வாங்குவது தொடர்பாக அமெரிக்காவில் வழக்கு நடந்ததே, அதில் சோனி கொடுத்த ஆவணத்தில் எண்களைக் கறுப்பு மார்க்கரால் அடித்திருந்தார்கள், ஸ்கேன் செய்தபோது மை வழியாக எல்லாம் தெரிந்துவிட்டது. லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2-க்கு 22 கோடி டாலர், சுமார் 200 பேர். ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டுக்கு 21 கோடியே 20 லட்சம் டாலர், ஐந்து வருடம், 300 பேர். இப்படி ஒரு கேமைச் செய்துவிட்டு அடுத்த நவம்பருக்கு இன்னொன்று கொடு என்றால் எங்கே போவார்கள்? போன வருடம் ஸ்பைடர்மேன் 2 வந்தது, அதற்கு முந்தைய வருடம் ஹொரைசனும் காட் ஆஃப் வார் ராக்னராக்கும் வந்தன. இந்த வருடம் இடைவெளி. அவ்வளவுதான் விஷயம். அடுத்த வருடம் கோஸ்ட் ஆஃப் யோட்டேயும் டெத் ஸ்ட்ராண்டிங் 2-ம் வருகின்றன, அப்போது வந்து 'நேரம் போதவில்லை' என்று புலம்பப் போவதும் நீங்கள்தான்.

இடது அனலாக்:
இடைவெளி என்றால் இயற்கையாக வந்த இடைவெளியா? அங்கேதான் எனக்குக் கடுப்பு. இத்தனை வருடம் அந்த ஸ்டூடியோக்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்று பாருங்கள். 2022-இல் சோனி என்ன சொன்னது? 2026 மார்ச்சுக்குள் 12 லைவ் சர்வீஸ் கேம், அதாவது ஆன்லைனில் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும் கேம், கொண்டுவருவோம் என்றது. அடுத்த வருடமே அதை ஆறு என்று குறைத்தது. சோனியின் நாட்டி டாக் ஸ்டூடியோ பல வருடம் லாஸ்ட் ஆஃப் அஸ் ஆன்லைன் கேமில் உழைத்து, 2023 டிசம்பரில் அதை மூடிவிட்டார்கள். பிஎஸ்3-இல் மூன்று அன்சார்ட்டட்டும் ஒரு லாஸ்ட் ஆஃப் அஸும் கொடுத்த ஸ்டூடியோ அது. பிஎஸ்5 வந்து நான்கு வருடமாகிறது, அவர்களிடமிருந்து வந்தவை எல்லாமே பழையதைத் துடைத்துக் கொடுத்தவை. இந்த மாதம்தான் இன்டர்கேலக்டிக் என்று புதிதாக ஒன்றின் டிரைலர் காட்டினார்கள்.

சரி, ரத்தக் கொதிப்பு ஏறினாலும் பரவாயில்லை, கான்கார்டையும் பேசிவிடுவோம். ஆகஸ்ட் 23-இல் வந்தது, செப்டம்பர் 6-இல் சர்வரை அணைத்தார்கள். இரண்டே வாரம். வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அக்டோபரில் அந்த ஸ்டூடியோவையே மூடினார்கள். கேம் இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை, ஆனால் அதை வைத்து எடுத்த அனிமேஷன் அத்தியாயம் மட்டும் இந்த மாதம் சீக்ரெட் லெவல் தொடரில் வந்திருக்கிறது. ஆள் போன பிறகு வந்து சேர்ந்த கல்யாணப் பத்திரிகை மாதிரி. வருட ஆரம்பத்தில் 900 பேரை வேலையிலிருந்து அனுப்பினார்களே, லண்டன் ஸ்டூடியோவை மூடினார்களே, அது தனிக் கதை.

ஆகவே கேம் செய்யக் காலம் ஆகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காலத்தை எதில் கரைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. 2024-இன் காலி இடம் 2021, 2022-இல் எடுத்த முடிவின் பலன்.

மெமரி கார்டு:
ஆஸ்ட்ரோ பாட்டும் செப்டம்பர் 6-இல்தான் வந்தது. ஒரே நாளில் ஒன்றுக்குத் தீபம், ஒன்றுக்குத் திரை.

சேவ் பாயிண்ட்:
அட, ஆமாம்! இதை நான் கவனிக்கவே இல்லை.

மெமரி கார்டு:
கவனித்தால் இன்னொன்றும் தெரியும். ஆஸ்ட்ரோ பாட்டை எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம், நானும்தான், மூன்று நாளில் முடித்தேன். பிஎஸ்5 வடிவத்தில் ஒரு கப்பல் உடைந்து பாலைவனத்தில் விழுகிறது, சிதறிப்போன 300 பாட்களை, அதாவது குட்டி ரோபோக்களை, தேடிக் கூட்டிவர வேண்டும், அவற்றில் பாதிக்கு மேல் பழைய கேம் பாத்திரங்களின் வேஷத்தில் இருக்கின்றன. காப்பாற்றியவை எல்லாம் நம் கன்ட்ரோலருக்குள் போய் ஒளிந்துகொள்ளும், ஆட்டினால் உள்ளே உருண்டு புரள்வது கையில் தெரியும். புல், மணல், உலோகம் ஒவ்வொன்றிலும் நடக்கும்போது உள்ளங்கையில் வரும் அதிர்வு வேறு வேறு. காட் ஆஃப் வார் கட்டத்தில் கோடாலியை வீசிவிட்டுத் திரும்ப அழைக்கும்போது அது கையில் வந்து 'டக்' என்று ஒட்டுகிற உணர்வு இருக்கிறதே, அதற்காகவே நான் இருபது தடவை சும்மா வீசிக்கொண்டு நின்றேன்.

ஆனால் முடித்த பிறகு அந்தப் பாட்கள் கூட்டமாக நிற்பதைப் பார்த்தபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏப் எஸ்கேப், அதற்கென்று தனியாக ஒரு கட்டம், வலையை வைத்துக் குரங்கு பிடிக்கிறோம். லோகோரோகோவுக்கு ஒரு கட்டம். இந்த இரண்டு தொடரிலும் முழுசாக ஒரு புதுக் கேம் வந்து எத்தனை காலம் ஆகிறது? அவற்றின் தாய்வீடான ஜப்பான் ஸ்டூடியோவை 2021-இல் கலைத்துவிட்டார்கள், அதில் மிஞ்சிய குழுதான் ஆஸ்ட்ரோ பாட்டைச் செய்த டீம் அசோபி. அதாவது இந்த வருடத்தின் மிகச் சிறந்த பிஎஸ்5 கேம், சோனி இப்போது செய்யாத கேம்களுக்கு எழுப்பிய அருங்காட்சியகம். வீட்டில் மிஞ்சிய கடைசிப் பிள்ளை, போன அண்ணன்மாரின் படத்துக்கெல்லாம் மாலை போட்டு வைத்த மாதிரி. இவ்வளவு அழகாக ஒரு நிறுவனம் தன் மேலேயே குற்றப்பத்திரிகை எழுதிக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

கடைசி உயிர்:
தம்பி, இதைப் படித்ததும் எழுந்துபோய் பழைய பிஎஸ்2 பெட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

பிளாட்டினம் பைத்தியம்:
நன்றாகத்தான் எழுதுகிறீர்கள், ஆனால் வியாபாரத்தையும் பாருங்கள். 60 சொச்சம் பேர் மூன்று வருடத்தில் செய்த கேம், பத்துக்குப் பத்து விமர்சனம், ஆனால் முதல் இரண்டு மாதத்தில் 15 லட்சம் பிரதி. ஸ்பைடர்மேன் 2 ஆறே மாதத்தில் 1 கோடியே 10 லட்சம். ஏப் எஸ்கேப் வரவில்லை என்று அழும் நாம் எத்தனை பேர் அந்தக் காலத்தில் அதைக் காசு கொடுத்து வாங்கினோம்? நான் வாங்கவில்லை, பக்கத்து வீட்டு டிஸ்க்.

இடது அனலாக்:
60 பேர் 15 லட்சம் விற்றால் அது நஷ்டமா? 300 பேரை ஐந்து வருடம் உட்காரவைத்து ஒரே குதிரையில் எல்லாப் பணத்தையும் கட்டுவதற்குப் பதில், 60 பேர் கொண்ட குழு ஐந்தை வைத்திருந்தால் இந்த மாதிரி காலி வருடமே வராது. பெரியது தூங்கும்போது சின்னது ஓடும். நின்டென்டோ இதைத்தானே காலம் காலமாகச் செய்கிறது.

பிளாட்டினம் பைத்தியம்:
ஐந்து குழு வைத்தால் ஐந்தும் ஆஸ்ட்ரோ பாட் தரும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? இரண்டு கவிழும், அப்போது நீங்களே வந்து 'சின்னச் சின்னதாக எதையோ வெளியிடுகிறார்கள், பெரிய கேம் எங்கே' என்று இழை தொடங்குவீர்கள்.

இடது அனலாக்:
தொடங்குவேன், மறுக்கவில்லை. கான்கார்ட் கவிழ்ந்ததைவிட அது எவ்வளவோ மலிவு.

சேவ் பாயிண்ட்:
ரீபர்த்தைப் பற்றி யாரும் பேசவே இல்லையே? இரண்டு டிஸ்க்கில் வந்த கேம், முதல் கட்டமே அந்த நிபெல்ஹைம் ஊரின் பழைய நினைவு, அப்புறம் கதவைத் திறந்துவிட்டது மாதிரி ஒரு பெரிய உலகம். நான் உலகத்தைக் காப்பாற்றுவதை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய்ச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தேன், குயின்ஸ் பிளட் என்ற அந்தச் சீட்டாட்டம் மட்டும் தனி கேமாக வந்தாலும் வாங்குவேன். ஒரே குறை, அசைவு வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கான பெர்ஃபார்மன்ஸ் மோடில் படம் தெளிவில்லாமல் தெரிந்தது, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

கடைசி உயிர்:
அந்தக் குறைக்கு மருந்துதான் நவம்பரில் விற்பனைக்கு வந்த, கூடுதல் சக்தி கொண்ட பிஎஸ்5 ப்ரோ. வெளியீட்டு விலை 700 டாலர், டிஸ்க் டிரைவ் தனியாக வாங்க வேண்டும். புதுக் கேம் இல்லாத வருடத்தில் பழைய கேமைத் தெளிவாகக் காட்டப் புதுக் கன்சோல்! ரீபர்த் நல்ல கேம், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் அதுவும் அடுத்த மாதம் கணினிக்குப் போகிறது. அதைச் செய்த ஸ்கொயர் எனிக்ஸுக்கே விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லையாம். இனிமேல் ஒரே கன்சோலில் கட்டிப்போடும் ஒப்பந்தத்துக்கு அவர்கள் யோசிப்பார்கள். அப்போது வெளியாள் கொடுத்துக் காப்பாற்றுவதும் குறையும்.

இடது அனலாக்:
அதேதான் அண்ணே, நான் சுற்றி வளைத்துச் சொன்னதை நீங்கள் நேராகச் சொல்லிவிட்டீர்கள். இந்த வருடத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் யார் யார்? சுவீடனில் ஒரு ஸ்டூடியோ, ஸ்டெல்லர் பிளேட் செய்த கொரியக்காரர்கள், வுகாங் செய்த சீனக்காரர்கள், ரீபர்த், ரைஸ் ஆஃப் தி ரோனின் கொடுத்த ஜப்பான் கம்பெனிகள். பிளாட்டினம் சொல்வது போல விளையாட நிறையக் கிடைத்தது, அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான், என் பட்டியலிலேயே இன்னும் மூன்று கேம் பிரிக்காமல் கிடக்கிறது. ஆனால் விருந்து நன்றாக இருந்தது என்பதற்காகக் கூப்பிட்டவர் சமைத்தார் என்று ஆகாது. 'மொக்கை வருடம்' என்று எழுதியதை வேண்டுமானால் திருத்திக்கொள்கிறேன். சோனிக்கு மொக்கை வருடம், பிஎஸ்5 வைத்திருப்பவருக்கு இல்லை.

பிளாட்டினம் பைத்தியம்:
இதை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு தட்டச்சு வேலை மிச்சம்.

சேவ் பாயிண்ட்:
நான் இன்னும் ஆஸ்ட்ரோ பாட் ஆரம்பிக்கவே இல்லை, விடுமுறைக்கு வைத்திருக்கிறேன். கடினமா?

இடது அனலாக்:
பெரும்பாலும் சுலபம், கடைசியில் வரும் சவால் கட்டங்கள் மட்டும் கன்ட்ரோலரை எறியத் தோன்றும். குரங்கு பிடிக்கும் கட்டத்துக்கு வந்ததும் அவசரப்படாதீர்கள், மூலை முடுக்கெல்லாம் பாருங்கள். அங்கே ஒரு பாட் இருக்கிறது, நாலு தடவை போய்விட்டு வந்தேன், எனக்கு இன்னும் சிக்கவில்லை. கிடைத்தால் எங்கே என்று ஒரு வரி எழுதுங்கள்.

மெமரி கார்டு:
பறவையை விட்டுத் தேடச் சொல்லுங்கள், கேமில் சேர்த்த காசைக் கொடுத்தால் காட்டிக் கொடுக்கும்.

இடது அனலாக்:
அது தோல்வியை ஒப்புக்கொள்வது. இன்று இரவு ஐந்தாவது தடவை.